தண்ணீர்க்காரர் சிடெரிஸ் பேர் வைக்கப் போனது

கலோத்தித் தீவின் துறையில் ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். குழாய்க்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு சாவி, சாவி சிடெரிஸின் கால்சட்டைப் பையில். ஊராட்சி அவருக்குக் கொடுத்த உத்தியோகம் இதுதான். பாய்மரப் படகில் ஊர் ஊராகச் சுற்றுகிற எப்பேர்ப்பட்ட கொம்பனாக இருந்தாலும், குளிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் காப்பிக்கடை வாசலில் இருக்கும் சிடெரிஸிடம் வந்துதான் நிற்க வேண்டும். அவரும் உடனே எழுந்துவிட மாட்டார். காப்பி பாதியில் இருந்தால் முடிப்பார். முடிந்திருந்தால் இன்னொன்று சொல்வார்.

இத்தனை வருஷமாகப் படகுகளுக்குத் தண்ணீர் விட்டவர், ஒரு படகிலும் கால் வைத்ததில்லை. கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. தீவில் பிறந்தவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்றால் ஊர் சிரிக்கும். சிரித்தது. சிரித்து அலுத்துப்போய் விட்டும்விட்டது.

அவரிடம் இன்னொரு குறையும் உண்டு. பெண்பிள்ளை யாராக இருந்தாலும் ‘அனெசினா’ என்று கூப்பிட்டுவிடுவார். அனெசினா அவருடைய தங்கை. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் தங்கையை வளர்த்தது அவர்தான். காலையில் கண் விழித்தது முதல் ராத்திரி விளக்கை அணைக்கிற வரைக்கும் அந்தப் பேரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவள் கல்யாணமாகி எதிர்த்தீவு அர்மிராவுக்குப் போய்விட்டாள். அந்தச் சேதி அவருடைய நாக்குக்கு மட்டும் எட்டவில்லை. ரொட்டிக்கடைக்காரி அனெசினா. தபால் கொண்டுவருகிற பெண் அனெசினா. காப்பிக்கடைப் பூனைகூட அனெசினாதான். அது ஒன்றுதான் திரும்பிப் பார்க்கும். சரியான பேரை யோசித்து வைத்துக்கொண்டுதான் வாயைத் திறப்பார். திறந்தால் வருவது அதே பேர். அவர் என்ன செய்வார், பாவம்.

இந்த அர்மிரா இருக்கிறதே, அதைப் பற்றிப் பேசினாலே எனக்கு ஆத்திரம் வரும். துறையில் நின்றால் எதிரே தெரியும். ராத்திரியானால் மலை முழுக்கக் கல்யாண வீடு மாதிரி விளக்கு. ஹோட்டல், நீச்சல்குளம், விடிய விடியப் பாட்டு. கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருக்கும். ஆனால் நேராகப் போகக் கப்பல் கிடையாது. ஏதென்ஸ் பக்கத்துப் பிரேயஸ் துறைமுகம் போய், அங்கே ஒரு ராத்திரி கிடந்து, வேறு கப்பல் பிடித்துத் திரும்பி வர வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அது. காற்று எழும்பிவிட்டால் அந்தக் கப்பலும் இல்லை.

போன பிப்ரவரியில் அனெசினா செத்துப்போனாள். அன்றைக்குப் புயல். கப்பல் இல்லை, மீன்படகும் இல்லை. கண்ணெதிரே தெரிகிற மலையில் தங்கையைப் புதைக்கிறார்கள். சிடெரிஸ் துறையில் கோட்டு போட்டுக்கொண்டு நின்றார். தங்கையின் மகள் ஃபோத்தினி போன் போட்டு, கோயில் மணிப்பக்கமாகப் பிடித்தாள். காற்றுச் சத்தம்தான் கேட்டது. மறுநாளிலிருந்து அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அர்மிராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காப்பி குடிக்க ஆரம்பித்தார்.

மே மாதம் ஃபோத்தினிக்குப் பெண்குழந்தை பிறந்தது. கஷ்டமான பிரசவம். இதோடு போதும், இன்னொன்றுக்கு ஆசைப்படாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எங்கள் கலோத்தியில் தலைப்பெண்ணுக்கு அம்மாவைப் பெற்றவளின் பேர். இதில் பேச்சே இல்லை. ஆனால் ஃபோத்தினியின் புருஷன் வீட்டில் தலைச்சன் எதுவானாலும் அப்பா வழிப் பேர்தான். அந்த வீட்டில் பேச்சு என்பது மாமியார் எவாந்தியாவின் பேச்சு. மலைச்சரிவில் இருக்கிற மூன்று ஹோட்டல் அந்த அம்மாளுடையது. ஆக, குழந்தைக்கு எவாந்தியா என்று பேர். முடிவாகிவிட்டது. இந்த ஒரு குழந்தையோடு சரி என்றால், அனெசினா என்கிற பேரும் இத்தோடு சரி.

ஃபோத்தினி ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம் பிடித்தாள். குழந்தைக்கு ஞானத்தகப்பன் தன் தாய்மாமன்தான். ஞானஸ்நானத்தின்போது கோயிலில் பேரைச் சொல்ல வேண்டியது ஞானத்தகப்பன். அவன் வாயிலிருந்து எது வருகிறதோ அதுதான் பேர். பெற்றவள்கூட வாசலில் காத்திருந்து, பிள்ளைகள் ஓடிவந்து சொன்ன பிறகுதான் தெரிந்துகொள்வாள். அப்பன் மறுக்க முடியாது, பாதிரியார் மாற்ற முடியாது.

அதனால்தான் எவாந்தியா போன் போட்டார்.

“ஞாயித்துக்கிழமை சாமியார் கேட்டா என்ன பேரு சொல்லுவீங்க?”

“எவாந்தியா.”

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

“எவாந்தியா.”

“உங்க நாக்கப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன், அதான் கேக்கறேன். துண்டுல பேரு பின்னியாச்சு. வர்றவங்களுக்குக் குடுக்கற பாதாம் பை ரிப்பன்ல அச்சடிச்சாச்சு. நாலு பேர் முன்னாடி என் மானத்த வாங்கிடாதீங்க.”

“சொன்னா சொன்னதுதான், சம்பந்தியம்மா. என் வாக்கு.”

போனை வைத்ததும் காப்பிக்கடை யாக்குமிஸ் சிரித்தான். “உம்ம வாயில வர்றதே ஒரு பேரு. அதுக்கு வாக்கு வேறயா!”

சிடெரிஸ் சிரிக்கவில்லை. அவருக்கு ஆசை இல்லாமலா? மனசு நிறைய இருந்தது. ஆனால் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. தங்கையும் போய், அவள் பேரும் போவதற்குத் தானே வாயைத் திறந்து வழி விட வேண்டும் என்று தலையில் எழுதியிருக்கிறது என நினைத்துக்கொண்டார். அன்றிலிருந்து ‘எவாந்தியா, எவாந்தியா’ என்று மந்திரம் மாதிரி முணுமுணுக்க ஆரம்பித்தார். பூனையை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். பூனை வரவில்லை.

மீன்காரர் நிக்கிஃபோரோஸின் படகில் போவதாக ஏற்பாடு. ஆகஸ்டு வடகாற்று ஞானஸ்நானத்துக்கு முந்தின வாரமே கிளம்பிவிட்டது. “இந்தக் காத்துல என் படகை இறக்கினா, ஞானஸ்நானம் நமக்குத்தான் நடக்கும்,” என்று நிக்கிஃபோரோஸ் கையை விரித்துவிட்டார்.

சனிக்கிழமை ஃபோத்தினி கூப்பிட்டாள். “மாமா, எப்படியாவது வந்துடுங்க. நீங்க வரலேன்னா ஏதென்ஸ்லேர்ந்து என் மாமியாரோட அண்ணன் மகன் வந்திருக்கான், வக்கீலாம். அவன நிக்கவெச்சுடுவாங்க.”

“நான் என்ன பறந்தா வர முடியும், அனெசினா?”

“ஃபோத்தினி, மாமா.”

“ஆமா. ஃபோத்தினி.”

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது காற்று கொஞ்சம் தணிந்திருந்தது. மீன்படகு போகிற அளவுக்கு இல்லை. சிடெரிஸ் கோட்டு போட்டுக்கொண்டு துறையில் போய் உட்கார்ந்தார். மடியில் மெழுகுவர்த்தி, குழந்தையின் வெள்ளை உடுப்பு. பையில் தங்கச் சிலுவை. பக்கத்தில் ஐந்து லிட்டர் தகரத்தில் ஆலிவ் எண்ணெய். குழந்தைக்குப் பூச ஒரு சின்ன பாட்டில் போதும். தன் மரத்து எண்ணெயைப் பாட்டிலில் கொண்டுபோக அவருக்கு மனசு வரவில்லை.

காற்றுக்குப் பயந்து ஒரு வாரமாக ஒதுங்கிக் கிடந்த ஜெர்மன்காரப் படகு ஒன்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தது. டீட்மர் என்று ஒரு ரிட்டயரான மருந்துக்கடைக்காரர், அவர் மனைவி இல்ஸே. அந்த அம்மாள் சாயங்கால வகுப்பில் நம் பாஷை படித்தவர். வாரம் முழுக்கத் தண்ணீர் கொடுத்த மனிதர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்தார்.

“எங்க போறீங்க?”

“அர்மிராவுக்கு.”

“எதுல?”

“அதான் தெரியல.”

இல்ஸே புருஷனைப் பார்த்தார். டீட்மர் எண்ணெய்த் தகரத்தைப் பார்த்தார். “நாங்களும் அங்கதான் போறோம்,” என்றார் இல்ஸே.

படகில் ஏறுவதற்கு முன்னால் செருப்பு, ஷூ எதுவானாலும் கழற்ற வேண்டும். தேக்குப் பலகைத் தளம்; கீறல் விழுமாம். சிடெரிஸ் ஷூவைக் கழற்றினார். வலது காலுறையிலிருந்து கட்டைவிரல் முழுசாக வெளியே வந்து எல்லாருக்கும் வணக்கம் சொன்னது. இல்ஸே உள்ளே போய், புருஷனின் காலுறை ஒரு ஜோடி கொண்டுவந்து கொடுத்தார். அதில் குட்டிக் குட்டி நங்கூரம் போட்டிருந்தது.

“ரொம்ப நன்றி, அனெசினா,” என்றார் சிடெரிஸ்.

“நான் இல்ஸே.”

“உட்காருங்க. எதையும் தொடாதீங்க,” என்றார் டீட்மர்.

சிடெரிஸ் எதையும் தொடவில்லை. துறைமுக வாயைத் தாண்டி முதல் அலை அடித்தபோது படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, தகரமும் சாய்ந்தது. மூடி எங்கேயோ போயிற்று. கலோத்தியின் முதல் தரமான எண்ணெய், தேக்குப் பலகை இடுக்கெல்லாம் நிதானமாக இறங்கியது. டீட்மரின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது.

“நல்ல எண்ணெய்தான். பலகைக்குக் கெடுதல் பண்ணாது,” என்று ஆறுதல் சொன்னார் சிடெரிஸ். தகரத்தை நிமிர்த்தி மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பாதிக்கு மேல் போயிருந்தது. டீட்மர் பாத்திரம் கழுவும் சோப்பை எடுத்துக்கொண்டு முட்டிபோட்டார். இல்ஸே சுக்கானைப் பிடித்தார்.

“அதென்ன, ஏதோ பேரையே சொல்லிட்டு வர்றீங்க?” என்று இல்ஸே கேட்டார்.

சிடெரிஸ் சொன்னார். தங்கை, புயல், மாமியார், வாக்கு, எல்லாவற்றையும் சொன்னார். வேறு யாரிடமும் அவர் இவ்வளவு பேசியதில்லை. வாயை மூடினால் குமட்டியது, அதனால் பேசினார்.

“சரி, உங்களுக்கு எந்தப் பேரு வேணும்?”

“வாக்குக் கொடுத்துட்டேன்.”

“நான் பேரைக் கேட்டேன். வாக்கைக் கேக்கல.”

சிடெரிஸ் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வந்தது பதில் அல்ல. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்துக் குனிய வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. அப்போதுதான் தளத்தைத் துடைத்து முடித்து நிமிர்ந்த டீட்மர், தன் சட்டையையும் தளத்தையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, மறுபடியும் முட்டிபோட்டார். நல்ல மனிதர்.

அர்மிராத் துறையில் எள் போட இடமில்லை. மாடி மாடியாக வெள்ளைப் படகுகள். கரையில் விசிலும் கையுமாக நின்ற ஆள் தூரத்திலேயே கையை ஆட்டினான். “இடம் இல்ல! இடம் இல்ல! திரும்புங்க!”

முப்பது வருஷமாக மற்றவர்களிடம் இதே தொனியில் பேசியவர் சிடெரிஸ். தன்னிடம் ஒருத்தன் பேசி இப்போதுதான் கேட்கிறார். முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “யோவ்! நான் ஞானத்தகப்பன்யா! கோயில்ல குழந்தை காத்துக்கிட்டிருக்கு!”

“யார் வீட்டுக் குழந்தை?”

“எவாந்தியா அம்மாவோட பேத்தி!”

விசில்காரன் விசிலை வாயில் வைத்தான். மூன்று மாடிப் படகு ஒன்று முனகிக்கொண்டு நகர்ந்தது. மேல்மாடியில் யாருடைய கண்ணாடிக் கோப்பையோ உருண்டது. கிடைத்த சந்தில் ஜெர்மன்காரப் படகு சொருகிக்கொண்டது. கையில் எண்ணெய்த் தகரமும் காலில் நங்கூரக் காலுறையுமாக இறங்கிய சிடெரிஸை, கரையோரக் கடைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரோ பெரிய பணக்காரர் என்று நினைத்துப் படம் பிடித்தார்கள். ஷூவை அவர் படிக்கட்டில் உட்கார்ந்துதான் போட்டுக்கொண்டார்.

கோயில் வாசலில் வக்கீல் மெழுகுவர்த்தியோடு தயாராக நின்றிருந்தான். “ரொம்ப நன்றி தம்பி, இனிமே நான் பாத்துக்கறேன்,” என்று சிடெரிஸ் அவனை ஓரமாக நகர்த்தினார்.

எவாந்தியா குறுக்கே வந்தார். கழுத்தில் முத்துமாலை, முகத்தில் கவலை. “பேரு?”

“எவாந்தியா.”

எவாந்தியா மூக்கைச் சுளித்தார். “குடிச்சிருக்கீங்களா?”

“இல்ல சம்பந்தியம்மா. கடல்.”

ஃபோத்தினி வழக்கப்படி வாசலுக்கு வெளியே நின்றாள். மாமனின் கோட்டுக் காலரைச் சரிசெய்தாள். கண் கலங்கியிருந்தது. “வந்துட்டீங்கல்ல, போதும் மாமா.”

“கவலப்படாத, அனெசினா. பேரைச் சரியாச் சொல்லிடறேன்.”

வழக்கமாகத் திருத்துகிறவள், இந்தத் தடவை திருத்தவில்லை.

பாதிரியார் லசாரோஸ் வயசானவர். பிப்ரவரியில் அனெசினாவை அடக்கம் செய்ததும் அவர்தான். சிடெரிஸை மேற்குப் பார்த்து நிறுத்தி, சாத்தானை விட்டுவிட்டாயா என்று மூன்று முறை கேட்டார். விட்டுவிட்டேன் என்று மூன்று முறையும் சொன்னார் சிடெரிஸ். துப்பு என்றதும் துப்பினார். கடலில் வந்த வயிற்றுக்குத் துப்பச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சிலுவையை எடு என்றார்கள். பையில் கையை விட்டு எடுத்து நீட்டினார். அது குழாய்ச் சாவி.

“இது எதுக்கு?” என்றார் பாதிரியார்.

“இது தண்ணிக்கு, சாமி.”

“தண்ணி இங்க இருக்கு. உள்ள வைங்க.”

இன்னொரு பையிலிருந்து சிலுவை வந்தது. தகரத்திலிருந்து எண்ணெய் ஊற்றிக் குழந்தையின் உடம்பெல்லாம் பூசினார்கள். குழந்தை கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கத்தியது. பாதிரியார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அதைத் தொட்டிக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

“பேரு?”

எவாந்தியா, எவாந்தியா, எவாந்தியா. கடல் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்த பேர். சிடெரிஸ் நெஞ்சை நிமிர்த்திக் கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“அனெசினா!”

சொல்லிவிட்டு, ஒருவழியாகச் சரியாகச் சொல்லிவிட்டோம் என்ற நிம்மதியில் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பாதிரியார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். என்ன பேர் வர வேண்டும் என்பது பாதிரியாருக்குத் தெரியும், தீவுக்கே தெரியும். இன்னொரு முறை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. “கடவுளின் அடியாள் அனெசினா ஞானஸ்நானம் பெறுகிறாள்,” என்று குழந்தையை முக்கி எடுத்தார்.

வாசலை நோக்கிப் பிள்ளைகள் பாய்ந்தார்கள். “அனெசினா! அனெசினா!” என்று வெளியே கத்துவது கேட்டது. சிடெரிஸுக்கு அப்போதுதான் உறைத்தது.

“சாமி! நிறுத்துங்க!” என்று எவாந்தியா எழுந்தார்.

“இன்னும் ரெண்டு முழுக்கு பாக்கி இருக்கும்மா,” என்று பாதிரியார் அந்த இரண்டையும் முடித்தார்.

எல்லாம் முடிந்ததும் குழந்தையை அம்மாவின் கையில் ஒப்படைக்க வேண்டியதும் ஞானத்தகப்பன்தான். ஃபோத்தினி உள்ளே வந்து மூன்று முறை குனிந்து வணங்கி, அவர் கையை முத்தமிட்டாள். பேர் பின்னிய துண்டில் சுற்றியிருந்த குழந்தையை அவர் நீட்டினார்.

“மன்னிச்சிடும்மா. சத்தியமா அந்தப் பேரைத்தான் நெனச்சேன். பாழாப்போன வாய் ஏமாத்திடுச்சு. வாக்குத் தவறிட்டேன்.”

ஃபோத்தினி அவர் காதோரம் குனிந்தாள். “சின்னப் பிள்ளையிலேர்ந்து ஒவ்வொரு கோடைக்கும் உங்க வீட்டுக்கு வந்தேனே மாமா, ஒரு நாளாவது என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கீங்களா? அந்த வாயை நம்பித்தான் உங்கள வரச்சொன்னேன். வக்கீலை நம்பியா இந்த வேலையக் குடுக்க முடியும்?”

சிடெரிஸ் குழந்தையை அவள் கையில் கொடுத்தார். தகரத்தைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போனார். அனெசினாவின் கல்லறை அங்கேதான். அதன் விளக்கில் எண்ணெய் வற்றியிருந்தது. மிச்சமிருந்த எண்ணெயை ஊற்றித் திரியை ஏற்றினார். “பிப்ரவரியில வர முடியலம்மா,” என்றார். பிறகு கல்லின் மேல் உட்கார்ந்து, யாருக்கும் பயப்படாமல் அழுதார்.

விருந்து எவாந்தியாவின் ஹோட்டல் மாடியில். எதிரே கலோத்தி தெரிந்தது. பாதாம் பைகள் ‘எவாந்தியா’ ரிப்பனோடேயே எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தன. இல்ஸேயையும் டீட்மரையும் ஃபோத்தினி கூட்டி வந்திருந்தாள். ஊராட்சித் தலைவர் போன் போட்டு, துறையில் எட்டுப் படகு தண்ணீர் இல்லாமல் நிற்கிறது, சாவி எங்கே என்று கத்தினார். சிடெரிஸ் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, “சாவி அர்மிராவுல பத்திரமா இருக்கு,” என்று வைத்துவிட்டார்.

மேசைத் தலைமாட்டில் எவாந்தியா கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். கோயிலிலிருந்து வந்ததிலிருந்து சிடெரிஸ் பக்கம் திரும்பவே இல்லை. ஆட்டுக்கறித் தட்டு அவரைத் தாண்டி இந்தப் பக்கம் வரவும் இல்லை. எவாந்தியாவுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடச் சிடெரிஸுக்கும் முகமில்லை.

நடுவில் குழந்தை மறுபடி அழ ஆரம்பித்தது. அம்மா தூக்கினாள், அப்பன் தூக்கினான், வக்கீல்கூடத் தூக்கிப் பார்த்தான். அடங்கவில்லை. கடைசியில் சிடெரிஸ் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முதுகைத் தட்டினார்.

“அழாதடி எவாந்தியா, அழாத. எவாந்தியால்ல, அழாத கண்ணு.”

மேசை முழுக்கப் பேச்சு நின்றது. இல்ஸே கையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிடெரிஸ் என்ன நடந்தது என்று தெரியாமல் தட்டிக்கொண்டே இருந்தார். குழந்தை அடங்கிவிட்டது.

எவாந்தியா முள்கரண்டியைக் கீழே வைத்தார். சிடெரிஸை ஏற இறங்கப் பார்த்தார்.

“இப்ப மட்டும் வருதாக்கும்?” என்றார். பிறகு ஆட்டுக்கறித் தட்டை அவர் பக்கம் தள்ளினார். “சாப்பிடுங்க. வயித்துல ஒண்ணும் இல்லையாமே.”